மூன்றாம் உறுப்பினர்

வினாத்தாளில் தன் குடும்பத்தையே அச்சடித்துக் கொடுத்துவிட்டோம் என்பது வாத்தியாருக்குத் தெரியவந்தபோது, தேர்வு தொடங்கிப் பதினெட்டு நிமிடம் ஆகியிருந்தது.

முதலில் மூன்றாவது வரிசையில் ஓர் இருமல். அது இருமல் இல்லை, சிரிப்பை இருமலாக்கி வெளியே அனுப்புகிறார்கள் என்று அவருடைய இருபத்திரண்டு வருட அனுபவம் சொன்னது. அடுத்து ஜன்னலோரத்தில் ஒன்று. பிறகு கடைசி வரிசையில், இருமலாகக்கூட மாற்றப்படாமல், அப்பட்டமான சிரிப்பே வந்தது. ஐம்பத்தெட்டு பேர் எழுதும் கூடத்தில் ஒரே சமயத்தில் இத்தனை தொண்டைகள் கட்டிக்கொள்ள வாய்ப்பில்லை. வாத்தியார் தன் சட்டைப் பொத்தான்களைத் தடவிப் பார்த்துக்கொண்டார். எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

முன்வரிசைப் பெண் எழுந்தாள். சந்தேகம் கேட்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள் போல எல்லா வகுப்பிலும் ஒருத்தி இருப்பாளே, அவள்.

"சார், ஏழாவது கேள்வி."

"என்னம்மா?"

"அட்டவணைல பதினோராவது வரி சார். 'தலைமைச் செயலகச் சுவருக்கு மஞ்சள் வண்ணம்.' முதல் உறுப்பினர் ஆதரவு, இரண்டாம் உறுப்பினர் ஆதரவு. அதுக்கப்புறம் 'அம்மா எதிர்ப்பு'ன்னு இருக்கு. அம்மாங்கிறது இந்த நாட்டுல பதவியா சார், உறவா?"

கூடம் உடைந்து போயிற்று. எழுதிக்கொண்டிருந்தவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

வாத்தியார் வினாத்தாளை எடுத்துப் பார்த்தார். இருந்தது. இருபது வரிகளில் பத்தொன்பதில் ஒழுங்காக 'மூன்றாம் உறுப்பினர்' என்று மாற்றியிருந்தார். சமையலறையைத் தலைமைச் செயலகம் ஆக்கியிருந்தார். குளிர்சாதனப் பெட்டியைத் தளவாடக் கொள்முதல் ஆக்கியிருந்தார். நாய் வளர்ப்பதை அகதி ஒருவருக்கு அடைக்கலம் என்று மாற்றியதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பதினோராவது வரியில் மட்டும் கை தவறிவிட்டது.

"அச்சுப்பிழை," என்றார். "மூன்றாம் உறுப்பினர்னு திருத்திக்குங்க."

"இன்னொண்ணு சார். மூன்றாம் உறுப்பினர் எதிர்த்ததுக்குக் காரணம் எங்கயுமே குடுக்கலையே. காரணம் தெரியாம எப்படி சார் எழுதுறது?"

"காரணம் வேணாம்மா. எண்ணிக்கை போதும். எத்தனை கை, எந்தப் பக்கம், அவ்வளவுதான். அதை வெச்சு இது எந்த வகை அரசுன்னு சொல்லு."

"சரிங்க சார்," என்று உட்கார்ந்தாள். அந்தச் 'சரிங்க சார்' அவருக்குப் பிடிக்கவில்லை.

அவர் நடத்துவது ஒப்பீட்டு அரசியல். எந்த நாட்டில் யார் ஆள்கிறார்கள், ஆளப்படுகிறவர்கள் ஏன் ஒத்துக்கொள்கிறார்கள், ஒத்துக்கொள்ளாதவர்கள் எங்கே போகிறார்கள் என்று நாடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிற படிப்பு. அதில் எந்தக் கேள்விக்கும் ஒரே பதில் கிடையாது. அதிபர் ஆட்சி நல்லதா, பிரதமர் ஆட்சி நல்லதா என்று கேட்டால் அவர், "சூழலைப் பொறுத்தது," என்பார். கூட்டணி நிலைக்குமா என்றால், "சூழலைப் பொறுத்தது." நாளைக்கு வகுப்பு இருக்கா சார் என்று கேட்டதற்கும் ஒருமுறை வாய் தவறி அதையே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கல்லூரியில் அவர் பெயர் 'பொறுத்தது' வாத்தியார்.

வீட்டில் சபை நடத்தியது அவருடைய யோசனை. மகளுக்கு ஆறு வயதாக இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சமையலறை மேசையில் தேநீரை வைத்துக்கொண்டு அறிவித்தார்: "இன்னியிலேருந்து இந்த வீட்டுல சர்வாதிகாரம் கிடையாது. ஆளுக்கு ஒரு ஓட்டு. சின்னவங்க பெரியவங்க வித்தியாசம் இல்ல." மகள் மேசைமேல் ஏறிக் குதித்தாள். மனைவி அடுப்பைத் துடைத்தபடியே, "இத்தனை நாள் யாரு சர்வாதிகாரி?" என்று கேட்டாள். நல்ல நகைச்சுவை என்று அவரும் சிரித்தார்.

நீளமான நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி, அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டார். எண், தீர்மானம், ஆதரவு, எதிர்ப்பு, முடிவு. ஐந்து கட்டம். சபாநாயகர் அவர்தான், செயலாளரும் அவர்தான், ஆள் பற்றாக்குறை. பதினான்கு வருடத்தில் ஒரு ஞாயிறு விட்டுப்போகவில்லை. விருந்தினர் வந்தால் நோட்டை எடுத்துக் காட்டுவார். "உலகத்துலயே ஒழுங்கா கூடுற ஒரே சபை எங்களோடதுதான்," என்பார். விருந்தினர்கள் பக்கம் புரட்டிச் சிரிப்பார்கள். மனைவி தேநீர் கொண்டுவந்து வைப்பாள்.

கடைசிக் கூட்டம் மூன்று மாதத்துக்கு முன்பு நடந்தது. அன்று அவள் சமையலறைக்குள் வரும்போதே கையில் பெட்டி இருந்தது. "நான் அக்கா வீட்டுக்குப் போறேன்," என்றாள். அவள் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கு அக்கா வீடுதான் பக்கம். மழைக்காலத்தில் இரண்டு மூன்று நாள் தங்குவதும் உண்டு. அதனால் அவர் பேனாவைத் திறந்து, "மூன்றாம் உறுப்பினர் தனிநபர் தீர்மானம் கொண்டுவர்றார். எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம்," என்றார். தூக்கவும் செய்தார். மகளும் சிரித்துக்கொண்டே தூக்கினாள். "ரெண்டுக்கு ஒண்ணு. தீர்மானம் தோற்கடிக்கப்பட்டது."

அவள் அந்த இரண்டு கைகளையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.

தோற்கடிக்கப்பட்ட தீர்மானம் இன்னும் அமலில் இருந்தது.

அவர் மனைவியின் அக்காவுக்குப் போன் போட்டுப் பார்த்தார். "நல்லாருக்கா தம்பி. வேலைக்குப் போறா, சாப்பிடுறா, தூங்குறா," என்றார் அக்கா. எப்ப வருவா அக்கா என்றால், "பார்ப்போம் தம்பி. காலம்னு ஒண்ணு இருக்குல்ல." அவளுக்கே போட்டால், "ஆய்வகத்துல இருக்கேன், அப்புறம் பேசுறேன்." அந்த அப்புறம் வரவேயில்லை. சனிக்கிழமைதோறும் அம்மாவைப் பார்த்துவிட்டு வரும் மகளைக் கேட்டால், "அம்மா ஓகேப்பா." வருவாளா, மாட்டாளா? இந்த ஒரு கேள்விக்கு மூன்று மாதமாக யாரும் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. மற்றவர்களுக்கு அவர் இத்தனை வருடம் கொடுத்த மருந்து அவருக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது. இவ்வளவு கசக்கும் என்று அவருக்குத் தெரியாது.

கல்லூரியில் மனைவி பயிற்சிக்குப் போயிருப்பதாகச் சொல்லியிருந்தார். அந்த நிலையில்தான் துறைத் தலைவி, பழைய வினாத்தாள்களில் வராத புதுத் தரவாக ஒரு கேள்வி நாளைக்குள் வேண்டும் என்றார். வேறு நாளாக இருந்தால் மூன்று கட்சி, இரண்டு அவை, ஒரு கலவரம் என்று ஒரு நாட்டையே அரைமணியில் கற்பனை செய்துவிடுவார். அன்றைக்கு ஒரு ஊராட்சிகூட வரவில்லை. மேசைமேல் நோட்டு கிடந்தது. பதினான்கு வருடத்திலிருந்து இருபது தீர்மானங்களை ஆண்டோடு எடுத்து, வேஷம் போட்டு, அனுப்பிவிட்டார்.

தேர்வு முடிந்ததும் துறைத் தலைவி கூப்பிட்டனுப்பினார். அறையில் மின்விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அவர் மேசைமேல் வினாத்தாள் இருந்தது. பதினோராவது வரிக்கு அடியில் பென்சில் கோடு.

"சார், வீட்டுல எல்லாரும் நலம்தானே?"

"நலம் மேடம். அவ பயிற்சிலதான் இருக்கா."

"மூணு மாசமாவா?"

"அது... சூழலைப் பொறுத்தது மேடம்."

துறைத் தலைவி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இவரைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. "விடைத்தாளை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்த் திருத்துங்க சார். அவசரம் இல்ல," என்றார்.

மாலை வெயில் சமையலறை மேசையில் விழுந்துகொண்டிருந்தது. சுவர் மஞ்சளாக இருந்தது. வாத்தியார் ஐம்பத்தெட்டு விடைத்தாள்களை அடுக்கிவைத்து, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். ஏழாவது கேள்விக்கு மாதிரி விடையைத் தேர்வுக்கு முன்பே எழுதி வைத்திருந்தார்: 'காலந்தவறாத கூட்டம், சம வாக்குரிமை, முழுமையான பதிவு. ஆகவே இது ஆரோக்கியமான மக்களாட்சி.' பதினைந்து மதிப்பெண்.

முதல் தாளில் இப்படி இருந்தது: 'இந்த நாட்டில் வாக்கெடுப்பு ஒழுங்காக நடக்கிறது. ஆனால் முடிவு முன்பே தெரிந்திருக்கிறது. முதல் இரண்டு உறுப்பினர்களும் இருபது முறையும் சேர்ந்தே வாக்களித்திருக்கிறார்கள். மூன்றாம் உறுப்பினர் பதினெட்டு முறை தோற்றிருக்கிறார். வென்ற இரண்டும் கூரை ஒழுகலும் கொசு ஒழிப்பும். கொசுவை எதிர்ப்பதில் கட்சி வேறுபாடு இல்லை.'

வாத்தியாருக்குச் சிரிப்பு வந்தது. கெட்டிக்காரப் பயல். பிறகு பதினெட்டு என்பதைச் சரிபார்ப்பதற்காக வினாத்தாளை எடுத்து விரல் வைத்து எண்ணினார். பதினெட்டுதான்.

இரண்டாவது தாள்: 'சார், இதைத்தான் நீங்கள் பிப்ரவரியில் நிரந்தரச் சிறுபான்மை என்று நடத்தினீர்கள். இன்று தோற்றாலும் நாளை வெல்லலாம் என்ற நம்பிக்கை இருக்கும் வரைதான் தோற்றவர் ஆட்டத்தில் இருப்பார் என்றீர்கள்.' ஆமாம், சொல்லியிருந்தார். கரும்பலகையில் பெரிதாக எழுதி இரண்டு கோடு போட்டு, "இது பரீட்சைக்கு வரும்," என்றுகூடச் சொன்னார். வந்தேவிட்டது.

எட்டாவது தாள்: 'மூன்றாம் உறுப்பினர் பதினான்கு வருடம் கூட்டத்துக்கு வந்தார் என்பதே எனக்கு ஆச்சரியம். தேநீர் ஏதாவது கொடுத்திருப்பார்கள் போல.'

தேநீர் கொடுத்தது அவள்தான். அதை ஓரத்தில் எழுத முடியாது. வாத்தியார் பேனாவை மூடினார், திறந்தார்.

முன்வரிசைப் பெண்ணின் தாள் கடைசியில் வந்தது. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. 'பதினான்காவது தீர்மானம்: மூன்றாம் உறுப்பினரின் வெளியூர்ப் பணியிட மாற்றம். இது ஒருவருடைய வேலை பற்றியது. இதில் மூன்று பேர் ஏன் வாக்களித்தார்கள்? எதற்கெல்லாம் ஓட்டெடுக்கக் கூடாது என்று சொல்ல இந்த நாட்டில் அரசியலமைப்பு இல்லையா? காரணம் வேண்டாம், எண்ணிக்கை போதும் என்று தேர்வுக் கூடத்தில் சொன்னீர்கள். இந்த அரசின் வகையும் அதுதான் என்று நினைக்கிறேன்.'

அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு மாதிரி விடை எழுதிய தாளை எடுத்து, தானே ஒரு மாணவன் போல மேலிருந்து கீழ் வரை படித்து, சிவப்பில் ஒரு பெரிய முட்டை போட்டார்.

மகள் வந்தபோது தாள்கள் மேசை முழுவதும் பரவிக் கிடந்தன. அதே கல்லூரியில் தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"அப்பா, மொத்தக் காலேஜும் 'அம்மா எதிர்ப்பு'ன்னு எழுதி அனுப்பிட்டு இருக்கு. கேன்டீன்ல ஒரு பையன் 'டீல சர்க்கரை, அம்மா எதிர்ப்பு'ங்கிறான்."

"நல்ல பையன். உடம்புக்கு நல்லது."

"ஜோக் அடிக்காதீங்கப்பா."

"சரி." நாற்காலியை இழுத்துப் போட்டார். "உங்கம்மா பார்த்தாளா?"

"நான்தான் அனுப்பினேன். முழுசா படிச்சாங்க."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. நாயை அகதின்னு போட்டதுக்கு மட்டும் சிரிச்சாங்க."

சிரித்தாளா? வாத்தியாருக்குள் ஏதோ சட்டென்று எழுந்து உட்கார்ந்தது. மகள் அதைப் பார்த்துவிட்டாள்; முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அந்தப் பதினாலாவது தீர்மானம் ஞாபகம் இருக்காப்பா? எனக்குப் பதிமூணு வயசு."

"இருக்கு. உன் ஸ்கூல் மாறணுமேன்னு நீயா எதிர்த்தே."

"நானாவா? முந்தின நாள் சாயங்காலம் என்னை ஐஸ்கிரீம் கடைக்குக் கூட்டிட்டுப் போனீங்க. 'அங்க போனா உன் ஃப்ரெண்ட்ஸ் யாரும் இருக்க மாட்டாங்க'ன்னு சொன்னீங்க. எப்பவுமே சனிக்கிழமை கூட்டிட்டுப் போவீங்கப்பா. எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சது, அது ஐஸ்கிரீம் இல்ல, ஆளும்கட்சிக் கூட்டம்னு." அவள் குரல் உடைந்தது. "கடைசி நாளும் நான்தானே கை தூக்கினேன். சிரிச்சுட்டே தூக்கினேன். அம்மா என் கையைத்தான் பார்த்தாங்க."

அவர் எழுந்து அவள் முதுகிலிருந்து பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார்.

"குற்றம் சபாநாயகரோடதும்மா," என்றார். "உறுப்பினர்களைச் சொல்லக் கூடாது."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். கொஞ்சம் ஆறிய பிறகு அவர் கேட்டார்: "வருவாளாடா?"

"நீங்களே கேளுங்கப்பா. என்னைத் தூது அனுப்பாதீங்க, ப்ளீஸ்."

மறுநாள் கல்லூரிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஆய்வகத்துக்குப் போனார். அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பது வருடம். அவர் உள்ளே வந்தது அன்றுதான் முதல்முறை. மற்ற நாளெல்லாம் வாசல் வரைக்கும் இறக்கிவிட்டுப் போனதோடு சரி. கையில் ஒரு காகிதம் இருந்தது. விடிகாலையில் எழுந்து உட்கார்ந்து எழுதியது: புது அரசியலமைப்பு. தலைப்புக்கு அடியில் கோடு போட்டிருந்தார்.

நீளமான அறை. சுவரோடு சுவராக அலமாரிகள், அவற்றில் வரிசை வரிசையாக மூடி போட்ட பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் எங்கிருந்து எடுத்த தண்ணீர், எந்த நாள் என்று எழுதி ஒட்டியிருந்தது. பள்ளிக்கூடத் தொட்டி. பேருந்து நிலையக் குழாய். மருத்துவமனை, இரண்டாம் மாடி. அவள் ஜன்னல் பக்கம் நின்று ஒரு சின்னக் குழாயில் இரண்டு சொட்டு மருந்தை விட்டு, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறியது. பக்கத்திலிருந்த வண்ண அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு சீட்டை எடுத்து முத்திரை குத்தினாள். 'குடிக்கத் தகுந்தது.' அவள் மேசையில் இரண்டே முத்திரைகள் இருந்தன. இன்னொன்றில் 'தகுந்ததல்ல' என்று இருந்தது. மூன்றாவதாக ஒன்று இருக்கிறதா என்று அவர் தேடினார். இல்லை.

"வாங்க," என்றாள். ஆச்சரியப்படவில்லை. "அந்த ஸ்டூல்ல உட்காருங்க. இதுல சாயாதீங்க, ஆடும்."

உட்கார்ந்தார். கொஞ்சம் மெலிந்திருந்தாள். காதோரம் நரை கூடியிருந்தது. சாயம் பூசுவதை விட்டுவிட்டாள் போல. அது நன்றாகத்தான் இருந்தது. சொல்லலாமா என்று யோசித்து, விட்டுவிட்டார்.

"பரீட்சைப் பேப்பரைப் பார்த்தியாமே."

"பார்த்தேன். பசங்க என்ன எழுதினாங்க?"

"ஐம்பத்தாறு பேர் உன் கட்சி. ரெண்டு பேர் கேள்வியையே எழுதல."

அவள் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போயிற்று. அது போவதற்குள் அவர் காகிதத்தைப் பிரித்தார். "கேளு. ஒண்ணு, இனிமே உனக்கு ரத்து அதிகாரம். நீ வேணாம்னா வேணாம், எத்தனை கை தூக்கினாலும் செல்லாது. ரெண்டு, உன் வேலை, உன் மனுஷங்க, உன் உடம்பு இதெல்லாம் சபைக்கே வராது. மூணு, சபாநாயகர் பதவி சுழற்சி முறைல..."

"இதை யாரு எழுதினது?"

"நான்தான்."

"யாரு நிறைவேத்தினது?"

அவர் வாயைத் திறந்தார். வகுப்பில் அவரே நடத்துவதுதான்: மன்னர் மனமிரங்கி எழுதிக் கொடுத்த அரசியலமைப்புகள் ஏன் நிலைக்கவில்லை, ஐந்து மதிப்பெண். காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவள் அடுத்த பாட்டிலைத் திறந்தாள்.

அவருக்கு முன்வரிசைப் பெண்ணின் நினைவு வந்தது. காரணம் எங்கயுமே குடுக்கலையே சார்.

"அந்த வெளியூர் வேலை," என்றார் மெதுவாக. "ஏழு வருஷத்துக்கு முன்னாடி. எதுக்கு அதைக் கேட்டே?"

அவள் கை நின்றது. கையுறைகளைக் கழற்றி, ஒன்றை ஒன்றுக்குள் திணித்து, குப்பைக் கூடையில் போட்டாள். எதிர் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"இப்பதாங்க கேக்கிறீங்க," என்றாள். அதில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். "எங்கம்மாவுக்குக் கட்டி. ரொம்ப முத்திப்போச்சுன்னு டாக்டர் என்கிட்ட மட்டும் சொன்னார். யாருக்கும் தெரிய வேணாம், எல்லாரும் வந்து உட்கார்ந்து அழுவாங்கன்னு அம்மா சத்தியம் வாங்கிட்டா. உன் வீட்டுக்காரர் தானா கேட்டா மட்டும் சொல்லு, நீயா சொல்லாதேன்னா. அந்த ஆய்வகம் அம்மா வீட்டுலேருந்து ரெண்டு தெரு தள்ளி. மிச்சம் இருக்கிற நாள் கூட இருக்கலாம்னு நினைச்சேன்."

வாத்தியாருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருந்தது. அவளுக்குப் பதவி ஆசை என்று நினைத்தார். பதவி உயர்வும் குடும்ப ஒற்றுமையும் என்று ஐந்து நிமிடம் பேசினார். நன்றாகப் பேசினார், மகள் கைதட்டினாள். எட்டு மாதம் கழித்து மாமியார் இறந்த செய்தி வந்தபோது, "இப்படித் திடீர்னு போயிட்டாங்களே," என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்ததும் அவர்தான். அவள் பக்கத்தில்தான் நின்றாள்.

"நான் கேப்பேன்னு நினைச்சியா அன்னிக்கு?"

"நினைச்சேன். ஏன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். வாய் வரைக்கும் வந்துருச்சு. நீங்க 'எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம்'னுட்டீங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "அதுக்கப்புறமும் வந்து உட்கார்ந்துட்டுதான் இருந்தேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும். என்னிக்காவது கேப்பீங்கன்னு. பெட்டியோட நின்னப்பகூட நினைச்சேங்க."

வெளியே வண்டி ஒன்று வந்து நின்றது. யாரோ ஒரு கூடை பாட்டில்களை வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். ஒன்றோடொன்று இடித்து ஒலித்து அடங்கின.

அவரிடம் ஜோக் எதுவும் இல்லை. தேடிக்கூடப் பார்த்தார், கைவசம் எப்போதும் இரண்டு மூன்றாவது இருக்கும். மன்னிப்புக் கேட்கலாம் என்றால் அந்தச் சொல் வாயில் ஒரு தீர்மானம் போலவே ஒலித்தது. பாதியில் நின்றது. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேசையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை அவர் பக்கம் தள்ளினாள்.

"குடிங்க. இது பார்த்ததுதான். நல்ல தண்ணி."

குடித்தார். அவசரத்தில் சட்டையில் கொஞ்சம் சிந்தியது. சட்டைப்பையில் அரசியலமைப்பு நனைந்தது. துடைக்கவில்லை. கேள்வி உள்ளே இருந்தது, மூன்று மாதமாக எத்தனையோ பேரிடம் எத்தனையோ விதமாகச் சுற்றி வளைத்துக் கேட்ட அதே கேள்வி. அக்காவிடம் விசாரிப்பாக, மகளிடம் வேடிக்கையாக, ஐம்பத்தெட்டு பிள்ளைகளிடம் பதினைந்து மதிப்பெண்ணுக்கு. அவளிடம் மட்டும் கேட்டதில்லை.

"நீ திரும்பி வருவியா?"

அவள் யோசிக்கிறாள் என்று தோன்றவில்லை. அவர் கேட்டு முடித்துவிட்டாரா என்று பார்த்தாள், அவ்வளவுதான். கை நீட்டி, அவர் சட்டையில் சிந்திய தண்ணீரைத் தன் முந்தானை நுனியால் ஒற்றி எடுத்தாள்.

"இல்லைங்க," என்றாள். "வரமாட்டேன்."